மூவொளி கண்ட மாக்ஸ்வெல்

ஐம்பொறிகளுள் கண்ணே தலையாயது என்பர். அக்கண்ணுக்கு இந்நாளில் ஓய்வின்றி வேலை கொடுப்பது கணினித் திரை. நம் மாணவருட் பலர் மடிக்கணினியின் சிறு திரை போதாதென்று வெளியே ஒரு பெரிய மானிட்டரை இணைத்து வைத்துக்கொள்ளுகின்றனர். இணைத்த அன்றே அவர்கட்கு ஓர் ஐயம் எழுகின்றது. ஒரே படம் ஒரு திரையில் நீலம் பாய்ந்தும் மற்றொன்றில் மஞ்சள் படிந்தும் தோன்றுகின்றது. இங்கே செம்பருத்தியாய்ச் சிவந்த மலர் அங்கே கனகாம்பரமாய் மாறுகின்றது. எத்திரை மெய் கூறுகின்றது? எதனைக்கொண்டு அதனைத் துணிவது? விலை மிகுந்த திரையே நல்ல திரை என்றும், கண் கூசுமாறு ஒளிர்வதே தெளிவான படம் என்றும் கருதுவார் பலர்.

அக்கருத்துப் பொருந்தாது என்பதை, இத்தகைய திரைகள் தோன்றுதற்கு நெடுங்காலம் முன்னரே, காகித வட்டங்கள் செருகிய ஒரு பம்பரத்தைக் கொண்டு காட்டியவர் ஒருவர் உளர். அவரே ஜேம்ஸ் கிளார்க் மாக்ஸ்வெல். மின்சாரம், காந்தம், ஒளி ஆகிய மூன்றனையும் ஒரே கொள்கையில் இணைத்தவர் என்று பௌதிக மாணவர் அவரை அறிவர். நிறத்தை எண்ணால் அளந்து, மூன்று ஒளிகளின் பங்காக எழுதிக் காட்டியவரும் அவரே என்பதைப் பலர் அறியார். இன்று நம் மேசைமேலிருக்கும் ஒவ்வொரு வண்ணத் திரையும் அவர் கண்ட வழியிலேயே படம் காட்டுகின்றது. ஆதலின் அவர்தம் வரலாற்றை அவ்வழி நின்று சுருங்கக் கூறுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பிறப்பும் இளமையும்

மாக்ஸ்வெல் 1831-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் ஸ்காட்லாந்தின் தலைநகராகிய எடின்பரோவில் பிறந்தார். தந்தையார் ஜான் கிளார்க் மாக்ஸ்வெல் வழக்கறிஞர்; எனினும் வழக்குமன்றத்தைக் காட்டிலும் பொறிகளிலும் கைத்தொழில்களிலுமே அவர் உள்ளம் ஈடுபட்டிருந்தது. தாயார் பிரான்சிஸ் கே என்னும் அம்மையார். மூத்த பெண் மகவு குழவிப் பருவத்திலேயே இறந்துபட்டமையால், பின்னர்ப் பிறந்த இம்மைந்தரை இருவரும் கண்ணின் மணியெனப் போற்றினர். குடும்பத்தார் எடின்பரோவை விட்டுத் தென்மேற்கு ஸ்காட்லாந்திலுள்ள கிளென்லேர் என்னும் தம் நிலத்திற் குடியேறினர். ஆறும் புல்வெளியும் சூழ்ந்த அவ்விடமே மாக்ஸ்வெல்லின் வாழ்நாள் முழுதும் அவர்க்குத் தாயகமாய் விளங்கிற்று.

குழந்தைப் பருவத்தில் அவர் விளையாட ஒரு தகரத் தட்டைக் கொடுத்தனராம். ஏனைய குழந்தைகள் அதனைத் தட்டி ஓசை எழுப்பியிருப்பர். இக்குழந்தையோ அதில் ஞாயிற்றின் ஒளியை ஏந்திச் சுவரின்மேல் வீழ்த்தி, அவ்வொளி வட்டம் அங்குமிங்கும் ஓடுதலைக் கண்டு களித்தது. கண்ட பொருள் ஒவ்வொன்றும் எவ்வாறு இயங்குகின்றது என்று கேட்பதும், சொன்ன விடை மேலோட்டமாய் இருப்பின் மீண்டும் மீண்டும் தொடுத்துக் கேட்பதும் அவர் இயல்பு.

எட்டாம் வயதில் அவர்க்குப் பெருந்துயர் நேர்ந்தது. அதுகாறும் தாமே ஆசிரியையாய் இருந்து கல்வி புகட்டிய தாயார் 1839-இல் வயிற்றில் எழுந்த புற்றுநோயால் உயிர் நீத்தார். அதன்பின் வீட்டிற்கு அமர்த்தப்பட்ட ஆசிரியர் கடுமையானவர், கல்வி கசந்தது. 1841-இல் தந்தையார் அவரை எடின்பரோ அக்காடமி என்னும் பள்ளியிற் சேர்த்தார். தந்தையாரே திட்டமிட்டுச் செய்வித்த மேற்சட்டையும், முன்புறம் சதுரமாய் முடிந்த காலணியும் அணிந்து, நாட்டுப்புற உச்சரிப்போடு வகுப்பிற் புகுந்த சிறுவரைக் கண்டு மாணவர் எள்ளி நகையாடினர். அறிவு மழுங்கியவன் என்னும் பொருள்பட ஒரு பட்டப் பெயரும் சூட்டினர். முதல் நாள் மாலை அவர் உடை கிழிந்து வீடு திரும்பினார். ஆயினும் யாரையும் வெறுத்தாரல்லர்.

அப்பட்டப் பெயர் எத்துணைப் பொய் என்பது விரைவில் விளங்கிற்று. பதினான்காம் வயதில் நூலும் ஊசியும் கொண்டு முட்டைவடிவ வளைகோடுகள் வரையும் ஒரு முறையை அவர் கண்டறிந்தார். 1846-இல் எடின்பரோ ராயல் சங்கத்தில் அக்கட்டுரை படிக்கப்பெற்றது. சிறுவர் ஒருவர் அவ்வவையில் நின்று படித்தல் முறையன்று என்று கருதப்பட்டமையால், பேராசிரியர் ஜேம்ஸ் போர்ப்ஸ் அவர்க்காக அதனைப் படித்தார்.

மறு ஆண்டு அவர்தம் தாய்மாமன் ஜான் கே, ஒளியியலில் புகழ் பெற்ற வில்லியம் நிக்கல் என்பாரின் ஆய்விடத்திற்கு அவரை அழைத்துச் சென்றார். ஒளியலைகளை ஒரே தளத்தில் அதிரச் செய்யும் பளிங்குப் பட்டகம் நிக்கல் இயற்றியது. அத்தகைய ஒளியினூடே, சூடேற்றிச் சட்டெனக் குளிர்வித்த கண்ணாடித் துண்டைப் பார்ப்பின், வெறுங்கண்ணுக்குப் புலனாகாத வண்ணக் கோலங்கள் தோன்றும். மாக்ஸ்வெல் வீட்டிற்குத் திரும்பி, தாமே கண்ணாடியைப் பதப்படுத்தி, கண்ட கோலங்களை நீர்வண்ணத்தில் தீட்டி நிக்கலுக்கு அனுப்பினார். மகிழ்ந்த அம்முதியவர் தம் கையாற் செய்த பட்டகங்கள் இரண்டை அவர்க்குப் பரிசளித்தார். இன்றைய திரவப் படிகத் திரையில் இவ்வாறே ஒளியைத் தளப்படுத்தும் இரு தாள்களுக்கு இடையே திரவப் படிகம் நின்று, வேண்டுமளவு ஒளியை விடுத்தும் தடுத்தும் படம் காட்டுகின்றது. பதினாறு வயதுச் சிறுவர் கிளென்லேரில் வியந்து நோக்கிய இயல்பே இன்று கோடிக்கணக்கான மேசைகளின்மேல் வேலை செய்கின்றது.

பம்பரத்தின் படிப்பினை

1847-இல் அவர் எடின்பரோ பல்கலைக்கழகத்திற் சேர்ந்தார். அங்கே போர்ப்ஸ் நிறங்களைப் பற்றிய சோதனைகள் செய்துவந்தார். சிவப்பு, மஞ்சள், நீலம் என்னும் மூன்றுமே முதல் நிறங்கள் என்பது ஓவியர் பரம்பரையாகக் கொண்ட கொள்கை. அக்கொள்கை மெய்யாயின், அம்மூன்று நிறமும் தீட்டிய வட்டத்தை விரைந்து சுழற்றும்போது வெண்மையோ சாம்பல் நிறமோ தோன்றவேண்டும். தோன்றவில்லை. நீலமும் மஞ்சளும் மட்டும் தீட்டிய வட்டத்தைச் சுழற்றினால் பச்சையாவது தோன்றவேண்டும். அதுவும் தோன்றவில்லை, இளஞ்சிவப்புச் சாயலே எழுந்தது. மாணவராகிய மாக்ஸ்வெல் அச்சோதனைகளில் உடனிருந்து உதவினார்.

1850-இல் அவர் கேம்பிரிட்ஜ் சென்று, பீட்டர்ஹவுஸில் சில காலம் இருந்து, பின் டிரினிட்டி கல்லூரியை அடைந்தார். 1854-இல் கணிதத் தேர்வில் இரண்டாமிடம் பெற்றார். முதலிடம் எட்வர்ட் ரவுத் என்பாருக்குச் சென்றது. ஸ்மித் பரிசில் இருவரும் நிகராயினர். தேர்வுச் சுமை நீங்கியதும் மாக்ஸ்வெல் மீண்டும் நிறத்தின்பாற் சென்றார்.

அவர் செய்வித்த கருவி ஒரு பம்பரமே. அதன் தட்டையான மேற்பரப்பில் செந்நிற, பசுநிற, நீலநிறக் காகித வட்டங்களைச் செருகினார். ஒவ்வொரு வட்டமும் நடுவிலிருந்து விளிம்பு வரை வெட்டப்பட்டிருந்தமையால், ஒன்றனுள் ஒன்றைப் புகுத்தி, ஒவ்வொரு நிறமும் வேண்டுமளவே வெளியில் தெரியுமாறு நகர்த்தல் இயலும். அவற்றின்மேல் நடுவில், சிறிய கருப்பு வட்டத்தையும் வெள்ளை வட்டத்தையும் அவ்வாறே செருகினார். விளிம்பு நூறு பங்காகக் கோடிடப்பட்டிருந்தது. பம்பரம் சுழலும்போது புறத்தே மூன்று நிறங்களும் கண்ணில் ஒன்றாய்க் கலக்கும். அகத்தே கருப்பும் வெளுப்பும் கலந்து சாம்பல் நிறமாகும். இரண்டிற்கும் இடையே வேறுபாடு சிறிதும் தோன்றாதவரை பங்குகளை மாற்றி மாற்றிச் சுழற்றுவார். வேறுபாடு அற்றபின் பம்பரத்தை நிறுத்தி அளவைப் படிப்பார்.

1855-இல் அவர் வெளியிட்ட கணக்கொன்றைக் காண்க: சிந்தூரச் சிவப்பு 37 பங்கு, மரகதப் பச்சை 36 பங்கு, அல்ட்ராமரீன் நீலம் 27 பங்கு ஆகிய இவை கூடி, வெண்மை 28 பங்கும் கருமை 72 பங்கும் கலந்த சாம்பல் நிறத்திற்குச் சமமாயின. நிறம் என்பது கவிஞர் வருணனைக்கும் ஓவியர் கைப்பழக்கத்திற்கும் உரிய பொருளாய் இருந்த நிலை மாறி, மூன்று எண்களால் எழுதக்கூடியதாயிற்று. மூன்றில் ஒன்றை எடுத்துவிட்டு வேறு நிறக் காகிதத்தை இட்டுச் சமன்செய்தால், அப்புது நிறத்தின் மூன்று எண்களும் கிடைக்கும்.

இதனால் ஓவியர் கொள்கையின் குறையும் விளங்கிற்று. சாயங்களைக் குழைக்கும்போது ஒவ்வொரு சாயமும் ஒளியில் ஒரு பகுதியை விழுங்குகின்றது. எஞ்சியதே நமக்குத் தெரிகின்றது. ஒளிகளைக் கலக்கும்போதோ ஒன்றுடன் ஒன்று கூடுகின்றது. ஒன்று கழித்தல், மற்றொன்று கூட்டல். கணினித் திரை ஒளியாற் செய்யப்பட்டதாதலின் அதன் கணக்குக் கூட்டற் கணக்கே. அச்சுப்பொறியோ சாயத்தாற் செய்வதாதலின் கழித்தற் கணக்குடையது. திரையில் அழகாய்த் தோன்றிய படம் தாளில் மங்கித் தோன்றுதற்கு இவ்வேறுபாடே ஒரு பெருங்காரணம்.

வேறு சில உண்மைகளும் அப்பம்பரத்தால் வெளிப்பட்டன. மூன்று நிறங்களையும் ஒரு முக்கோணத்தின் முனைகளில் வைத்தால், அவற்றின் கலவையால் எழும் நிறங்கள் யாவும் முக்கோணத்தின் உள்ளேயே அடங்கும். மிகச் செறிந்த சில நிறங்கள் அதற்கு வெளியே நின்றன. அவற்றைச் சமன்செய்ய, முதல் நிறங்களுள் ஒன்றை எடுத்து எதிர்ப்பக்கத்தில் சேர்க்க வேண்டியிருந்தது. மேலும், பகல் வெளிச்சத்தில் எடுத்த கணக்கு எரிவாயு விளக்கின்கீழ்ப் பொருந்தவில்லை. நிறக்குருடு உடையார் சிலர்க்கு மூன்று நிறங்கள் தேவைப்படாமல் இரண்டே போதுமாயின. கண்ணின் உள்ளே மூவகை உணர்வு உண்டென்று தாமஸ் யங் 1802-இல் கூறிய ஊகம் இதனால் வலுப்பெற்றது. மூன்றனுள் ஒன்று இல்லாமையே அவர்தம் குறை என்று மாக்ஸ்வெல் விளக்கினார். அத்தகையார் ஒரு கண்ணுக்குச் சிவப்பும் மறு கண்ணுக்குப் பச்சையுமாகிய கண்ணாடி அணிந்தால் மயக்கும் நிறங்களைப் பிரித்தறியலாம் என்றும் வழி கூறினார்.

பதவியும் இழப்பும்

1856-இல், இருபத்தைந்தாம் வயதில், ஆபர்டீன் நகரிலுள்ள மாரிஷல் கல்லூரியிற் பேராசிரியராயினார். அப்பதவியைப் பெரிதும் விரும்பிய தந்தையார் அதனைக் காணாமலே அவ்வாண்டு ஏப்பிரலில் இயற்கை எய்தினார். அங்கே சனிக்கோளின் வளையங்கள் எண்ணிறந்த சிறு துண்டுகளால் ஆயவை என்று கணிதத்தால் நிறுவி ஆடம்ஸ் பரிசு பெற்றார். 1858-இல் கல்லூரித் தலைவரின் மகளாராகிய காதரின் மேரி டூவர் அம்மையாரை மணந்தார். மாலை வேளைகளில் தொழிலாளர்க்கு ஊதியமின்றிப் பாடம் நடத்துவதும் அவர் வழக்கம்.

1860-இல் ஆபர்டீனிலிருந்த இரு கல்லூரிகளும் ஒன்றாக்கப்பட்டன. இரு பேராசிரியருள் ஒருவர் விலகவேண்டிய நிலையில் விலக்கப்பட்டவர் மாக்ஸ்வெல். எடின்பரோவில் காலியான பதவிக்கு விண்ணப்பித்தார். அது அவர்தம் பள்ளித் தோழர் பீட்டர் டேட்டுக்குக் கிடைத்தது. அவ்வாண்டே பெரியம்மை கண்டு கிளென்லேரில் உயிர் ஊசலாடக் கிடந்தார். மனைவியார் அருகிருந்து பேணிக் காத்தார். நோய் நீங்கி எழுந்தபின் லண்டன் கிங்ஸ் கல்லூரிப் பதவியை ஏற்றார். இத்துணை இடையூறுகட்கு நடுவிலும் நிறத்தைப் பற்றிய ஆராய்ச்சியை அவர் கைவிட்டாரல்லர். அதன்பொருட்டு அவ்வாண்டே ராயல் சங்கம் ரம்போர்டு பதக்கம் அளித்துச் சிறப்பித்தது.

பெட்டியும் நாடாவும்

காகித நிறம் கலப்புடையது. ஆதலின் ஞாயிற்றொளியைப் பட்டகத்தாற் பிரித்து வரும் தூய நிறங்களையே அளக்க அவர் விரும்பினார். இதற்காக ஒளி புகும் துளைகளும் பட்டகங்களும் பொருத்திய நீண்ட பெட்டியை இயற்றினார். லண்டன் வீட்டின் மேல்மாடிச் சாளரத்தருகே ஏறத்தாழ 8 அடி நீளமுள்ள அப்பெட்டியை வைத்து, நாழிகைக் கணக்கில் அதனுள் உற்று நோக்கிக்கொண்டிருந்தார். எதிர்வீட்டார் அதனைச் சவப்பெட்டி என எண்ணி, இவர் அறிவு திரிந்தவரோ என்று அஞ்சினர் என ஒரு செய்தி வழங்குகின்றது.

அவ்வாராய்ச்சியில் அவர்தம் மனைவியாரும் துணையாயிருந்தார். ஒரே நிறத்தை இருவரும் தனித்தனியே சமன்செய்து அளவு குறித்தனர். இருவர் அளவும் பெரிதும் ஒத்திருந்தன. சில நிறங்களில் மட்டும் சிறிது வேறுபட்டன. நலமுள்ள கண்களிலும் கண்ணுக்குக் கண் சிறு வேற்றுமை உண்டென்பது இதனாற் பெறப்பட்டது. ஒரு மானிட்டரின் நிறத்தைப் பற்றி இரு நண்பர் வாதிடும்போது இருவரும் பொய் கூறவேண்டுவதில்லை என்பதற்கு இதுவே சான்று.

1861-ஆம் ஆண்டு மே 17-ஆம் நாள் லண்டன் ராயல் நிலையத்தில் அவர் ஒரு காட்சி காட்டினார். ஸ்காட்லாந்து மக்கள் அணியும் கட்டம்போட்ட பல நிற நாடா ஒன்றை, தாமஸ் சட்டன் என்னும் ஒளிப்படக் கலைஞர் சிவந்த நீர், பசிய நீர், நீல நீர் ஆகியவற்றினூடே தனித்தனிப் படங்களாக எடுத்திருந்தார். அப்படங்கள் நிறமற்ற கருப்பு வெள்ளைப் படங்களே. அவற்றை மூன்று விளக்குகளால், எடுத்த அதே நிறங்களினூடே, ஒரே திரையில் ஒன்றன்மேல் ஒன்றாக வீழ்த்தியபோது நாடாவின் வண்ணங்கள் அவையோர் கண்முன் தோன்றின. மூவொளியால் வண்ணப் படம் திரையில் எழுந்த முதல் நிகழ்ச்சி அதுவே.

இங்கே வியப்பான செய்தி ஒன்றுண்டு. அக்காலத்து ஒளிப்படத் தகடுகள் சிவப்பொளியை உணரும் ஆற்றல் இல்லாதவை. அங்ஙனமாயின் சிவப்புப் படம் எவ்வாறு பதிந்தது? நூறாண்டு கழித்து, 1961-இல், கோடாக் ஆராய்ச்சியாளர் அதனை ஆராய்ந்து விடை கண்டனர். நாடாவின் சிவப்புச் சாயம் கண்ணுக்குப் புலனாகாத புறவூதாக் கதிரையும் எதிரொளித்தது. சிவந்த நீர் அக்கதிரையும் உள்ளே விட்டது. தகட்டில் பதிந்தது அதுவே. காட்சி தற்செயலால் வென்றது, கொள்கையோ மெய்யே. மாக்ஸ்வெல்லும் தம் படம் நிறைவுடையது என்று பெருமை பேசவில்லை. சிவப்புப் படமும் பச்சைப் படமும் நீலப் படத்தைப் போல் நன்கு பதிந்திருந்தால்தான் வண்ணம் உண்மையாயிருக்கும் என்று அன்றே குறை கூறினார்.

ஒளியின் இயல்பு

அவர்தம் பெரும்புகழுக்குக் காரணமான ஆராய்ச்சியை இங்கு விரித்தல் வேண்டா. மின்விசையும் காந்தவிசையும் வெளியில் அலையாய்ப் பரவக்கூடுமாயின் அவ்வலையின் விரைவு வினாடிக்கு ஏறத்தாழ 3,10,740 கிலோமீட்டர் என்று கணித்தார். பிசோ என்பார் அளந்திருந்த ஒளியின் விரைவோ 3,14,858 கிலோமீட்டர். இரண்டும் இத்துணை நெருங்கி நிற்றலால் ஒளியே மின்காந்த அலை என்று அவர் முடிவு செய்தார். 1865-இல் அக்கொள்கை முழுவடிவில் வெளிவந்தது. அவர் மறைவிற்குப் பின், 1887, 1888-ஆம் ஆண்டுகளில், ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் அத்தகைய அலைகளைச் சோதனையால் உண்டாக்கிக் காட்டினார். வானொலியும் தொலைக்காட்சியும் அதன் வழித் தோன்றியவையே.

இறுதி நாட்கள்

1865-இல் கிங்ஸ் கல்லூரிப் பதவியைத் துறந்து கிளென்லேர் சென்று, தம் பெருநூலை எழுதலானார்; மின்சாரமும் காந்தமும் பற்றிய அந்நூல் 1873-இல் வெளிவந்தது. இதற்கிடையே 1871-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் புதிதாய் ஏற்படுத்திய பௌதிகப் பேராசிரியர் பதவிக்கு அழைத்தது. காவெண்டிஷ் ஆய்வுக்கூடம் அவர் மேற்பார்வையில் எழுந்து 1874-இல் திறக்கப்பட்டது. ஹென்றி காவெண்டிஷ் என்னும் பழைய அறிஞர் வெளியிடாது விட்டுச்சென்ற குறிப்புக்களைத் தம் அரிய காலத்தைச் செலவிட்டுப் பதிப்பித்தார். பிறர்தம் பெருமையை நிலைநாட்டுவதற்குத் தம் இறுதி ஆண்டுகளை ஈந்த பண்பு போற்றற்குரியது.

மனைவியார் நீண்ட நாள் நோயுற்றபோது இரவெல்லாம் அருகிருந்து பணிவிடை செய்தார். 1879-இல் தாயாரைக் கொண்ட அதே நோய் அவரையும் பற்றிற்று. இன்னும் ஒரு திங்களே வாழ்வு என்று மருத்துவர் கூறியபோதும் அவர் கலங்கவில்லை. தமக்குப்பின் மனைவியாரைப் பேணுவார் யார் என்பதே அவர் கவலை. இளமையிலிருந்தே திருமறையிலும் செபத்திலும் ஊன்றிய அவர் உள்ளம் அமைதியுடனே இருந்தது. அவ்வாண்டு நவம்பர் 5-ஆம் நாள், நாற்பத்தெட்டாம் வயதில், கேம்பிரிட்ஜில் உயிர் துறந்தார். கிளென்லேரை அடுத்த பார்ட்டன் கோயில் வளாகத்தில் அவர் உடல் அடக்கம் செய்யப்பெற்றது.

அவர் காட்டிய நெறியும் நம் திரையும்

மாக்ஸ்வெல் தொடங்கிய அளவை பின்வந்தோர் செம்மைப்படுத்தினர். 1920-களின் இறுதியில் இங்கிலாந்தில் ரைட், கில்ட் என்னும் இருவர் 17 பேருடைய கண்களைக் கொண்டு எடுத்த அளவுகளின்மேல், 1931-இல் அனைத்துலக ஒளியியல் குழு பொதுக் கண்ணொன்றை வரையறுத்தது. அதன் அடிப்படையில், 1996-இல் முன்வைக்கப்பட்டு 1999-இல் அனைத்துலகத் தரமாய் ஏற்கப்பட்ட எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் நிறவரையறையே கணினிப் படங்கட்குப் பொதுமொழியாய் உள்ளது. மூன்று முனையுடைய அதே முக்கோணம். முனைகள் இன்னவை, வெண்மை இன்னது என்று எழுதிவைத்த உடன்படிக்கை, அவ்வளவே.

அகலத்தில் 1,920, உயரத்தில் 1,080 புள்ளிகள் கொண்ட ஒரு மானிட்டரில் 20,73,600 புள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று சிறு சன்னல்களை உடையது. ஒவ்வொரு சன்னலுக்கும் 0 முதல் 255 வரை 256 படிகள்; ஆகவே மூன்றும் சேர்ந்து 1,67,77,216 கலவைகள். கணினி திரைக்கு அனுப்புவன மூன்று எண்களே. ஆனால் அவ்வெண்களைப் பெறும் இரு திரைகளின் சிவப்பும் பச்சையும் நீலமும் ஒரே தன்மையன அல்ல. முக்கோண முனைகள் வேறு, வெண்மை வேறு. பம்பரத்திற் செருகிய காகிதத்தை மாற்றிவிட்டுப் பங்குகளை மட்டும் அப்படியே வைத்தாற் போன்றது இது. செம்பருத்தி கனகாம்பரமாய் மாறும் காரணம் இதுவே.

ஆதலின் வெளியே இணைக்கும் மானிட்டரில் நல்ல படம் வேண்டுவோர் மாக்ஸ்வெல்லின் முறையையே பின்பற்றுதல் தகும். முதலாவது, திரையில் எத்தனை புள்ளிகள் உள்ளனவோ அத்தனையே கணினி அனுப்புமாறு அமைக்க வேண்டும். குறைத்து அனுப்பினால் ஒரு புள்ளி பலவற்றின்மேற் பரவி எழுத்து மங்கும். இரண்டாவது, பழைய வி.ஜி.ஏ. கம்பியைவிட எண்ணாகவே செய்தி கொண்டு செல்லும் எச்.டி.எம்.ஐ., டிஸ்ப்ளே போர்ட் கம்பிகள் சிறந்தவை. ஆனால் அவற்றிலும் ஒரு மாறுபாடு நேர்தல் உண்டு. தொலைக்காட்சி வழக்கப்படி 16 முதல் 235 வரை கணினி அனுப்ப, மானிட்டரோ 0 முதல் 255 வரை எதிர்பார்க்குமாயின், கருமை சாம்பலாகிப் படம் வெளிறிவிடும். இரு பக்கமும் ஒரே அளவைக் கொள்ளுமாறு அமைப்பின் அக்குறை நீங்கும். தொலைக்காட்சிப் பெட்டியையே மானிட்டராகக் கொள்வோர், நிறச் செய்தியைக் குறைத்தனுப்பும் முறையையும் விலக்க வேண்டும். இன்றேல் வண்ண எழுத்துக்களின் ஓரம் குழம்பும்.

மூன்றாவதே தலையாயது. கடையிற் காட்சிக்காக மிக்க ஒளியோடும் மிகைப்பட்ட நிறத்தோடும் அமைத்து விடுத்த திரையை அப்படியே ஏற்றல் கூடாது. மானிட்டரின் பட்டியலில் எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் அமைப்பு இருப்பின் அதனைத் தெரிந்துகொள்க. இல்லையேல் வெண்மையை 6500 என்னும் அளவில் வைக்க. பிறகு நாள்தோறும் வேலை செய்யும் வெளிச்சத்திலேயே, ஒரு வெள்ளைத் தாளைத் திரையருகே பிடித்து, திரையின் வெண்மை தாளினும் விளக்குப்போல் எரியாமலும் அதனினும் மங்காமலும் இருக்குமாறு ஒளியைக் குறைக்க. கருவி கொண்டு அளப்போர் சாதாரண அறைக்குச் சதுர மீட்டருக்கு 80 முதல் 120 கண்டேலா வரை கொள்வர். இரு திரைகளை அருகருகே வைத்தவர், இரண்டிலும் ஒரே சாம்பல் நிறப் படத்தை இட்டு, ஒரு திரையின் சிவப்பு, பச்சை, நீலப் பங்குகளைச் சிறிது சிறிதாய்க் குறைத்து மற்றதனோடு பொருத்துக. சாம்பல் நிறத்தில் சாயல் ஏதும் தெரியாதாயின் ஏனைய நிறங்கள் பெரும்பாலும் தாமே நேராகும். முக்கோண முனையில் உள்ள வேற்றுமை மட்டும் எஞ்சும். அதனைத் தீர்க்க நிற அளவுக்கருவியும் அதனால் எழுதப்படும் திரைக்குறிப்பும் வேண்டும். அறை விளக்கு மாறினால் பொருத்தமும் மாறும் என்பதை எரிவாயு விளக்கின்கீழ்ச் சுழன்ற பம்பரம் நமக்கு முன்னரே உணர்த்தியது.

முடிவுரை

மாக்ஸ்வெல் ஒளியை மிகுத்தாரல்லர், பங்கைச் சமன்செய்தார். தம் கண்ணையே நம்பி நின்றாரல்லர். அருகே ஓர் அளவை வைத்து ஒப்பிட்டார். பிறர் கண்ணையும் கேட்டார். பள்ளியில் எள்ளப்பட்டவரும், பதவி இழந்தவரும், பெட்டிக்குள் நோக்கும் பித்தர் என்று ஐயுறப்பட்டவருமாகிய அவர், சிறுபிள்ளை விளையாட்டென்று பலர் கருதக்கூடிய ஒன்றனை ஆண்டுக்கணக்கில் பொறுமையோடு செய்தார். அவர் எழுதி வைத்த மூன்று எண்களே இந்நாளில் மருத்துவர் நோய்ப்படம் காண்பதற்கும், மாணவர் பாடம் படிப்பதற்கும், தொலைவிலுள்ள மக்களின் முகத்தைப் பெற்றோர் காண்பதற்கும் பயன்படுகின்றன.

நம் கல்லூரி ஆய்வுக்கூடத்திலும் காகிதமும் கத்தரிக்கோலும் ஒரு சிறு மின்மோட்டாரும் கிடைக்காமற் போகா. பௌதிக மாணவர் எவரேனும் மூன்று நிற வட்டங்களை வெட்டி அப்பம்பரத்தை மீண்டும் சுழற்றிக் காண்பாராக. புறவட்டமும் அகவட்டமும் வேறுபாடின்றி ஒன்றாய்த் தோன்றுமளவும் பங்குகளைத் திருத்துதல் எத்துணைப் பொறுமை வேண்டும் பணி என்பது அப்போது விளங்கும். தம் மேசைமேலுள்ள திரையைத் திருத்தும் வழியும் உடன் விளங்கும்.